வாகனம் அடித்தால் சைக்கிள் ஹெல்மெட் தாங்குமா?

இது கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து வாசியுங்கள். பிள்ளைகளை சைக்கிளில் பாடசாலைக்கும் டியூசனுக்கும் அனுப்பும் உம்மா வாப்பாமார் கட்டாயம் கடைசி வரைக்கும் வாசியுங்கள்.

சைக்கிளில் வரும் பிள்ளைகளுக்கு ஒரு ஹெல்மெட் வாங்கிக் கொடுங்கள் என்று நாம் ஆசிரியர்கள் பேச்செடுத்தால் நம் பக்கத்தில் வரும் பதில் பெரும்பாலும் ஒன்றுதான். "சேர், டிப்பர் வந்து அடிச்சா அந்த ரெஜிபோம் தொப்பி என்னத்தைத் தாங்கப் போகுது?"

இதைக் கேட்டுக் கோபப்பட ஒன்றுமில்லை. இது அறிவான கேள்வி. படித்த உலகமும் பல பத்தாண்டுகளாக இதே கேள்வியை வைத்துத்தான் விவாதித்துக்கொண்டிருக்கிறது. ஆகவே உபதேசம் செய்யாமல், இந்தத் தலைக்கவசம் எங்கிருந்து வந்தது, எதற்காகச் செய்யப்பட்டது, வாகனம் மோதும்போது அது என்ன செய்யும், என்ன செய்யாது என்று வரலாற்று வரிசையில் பார்ப்போம்.

முதலில் நம் ஊர்க் கதை. திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி வாழும் நமக்கு சைக்கிள் ஒரு பொழுதுபோக்குச் சாமான் அல்ல. வெள்ளைக்காரன் காலத்து டொக்யாட்டுக்கும், சீனன்குடா எண்ணெய்க் குதங்களுக்கும், பிறகு வந்த பிறீமா மா ஆலைக்கும் வேலைக்குப் போனவர்களைச் சுமந்தது ரலி சைக்கிள். மீன் பெட்டியைக் கெரியரில் கட்டிக்கொண்டு ஊர் ஊராகக் கூவி விற்றவர்களைச் சுமந்ததும் அதுதான். விறகு, நெல் மூட்டை, தயிர்ச் சட்டி, பாரில் ஒரு பிள்ளை, கெரியரில் ஒரு பிள்ளை என்று எல்லாம் சைக்கிளில்தான் போனது. யுத்த காலத்தில் சோதனைச் சாவடி வந்தால் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தோம், அதைத் தாண்டியதும் ஏறி மிதித்தோம். அந்தக் காலத்தில் யாரும் தலைக்கவசம் போடவில்லை. "அப்ப நாங்க எல்லாரும் செத்தா போனோம்?" என்று மூத்தவர்கள் கேட்பார்கள். அந்தக் கேள்விக்கும் பதில் உண்டு. அதற்குப் பிறகு வருகிறோம்.

இப்போது கொஞ்சம் தூரம் போவோம். 1935ஆம் ஆண்டு மே 13ஆம் திகதி. இங்கிலாந்தின் டோர்செட் பகுதியில் ஒரு கிராமத்து வீதி. ஒருவர் மோட்டார் சைக்கிளில் வேகமாக வருகிறார். வீதியில் ஒரு பள்ளம், அதற்கு அப்பால் இரண்டு சிறுவர்கள் சைக்கிளில் போகிறார்கள். கடைசி நேரத்தில்தான் அவர்களைக் காண்கிறார். மோதாமல் இருக்கத் திருப்புகிறார், தூக்கி எறியப்படுகிறார். தலையில் கவசம் இல்லை. ஆறு நாட்கள் நினைவின்றிக் கிடந்து மே 19இல் இறக்கிறார். அவர்தான் ரி.ஈ. லோரன்ஸ், "அரேபியாவின் லோரன்ஸ்" என்று உலகம் அழைத்தவர். அவருடைய அரசியலைப் பற்றி நமக்கு வேறு கணக்கு உண்டு, அது இன்னொரு பதிவுக்கு. நமக்கு இங்கே முக்கியம் அவரைப் பார்க்க அழைக்கப்பட்ட வைத்தியர்களில் ஒருவர்.

அவர் பெயர் ஹியூ கெய்ர்ன்ஸ். அவுஸ்திரேலியாவில் பிறந்து இங்கிலாந்தில் பணியாற்றிய மூளை நரம்பியல் சத்திரசிகிச்சை நிபுணர். காப்பாற்ற முடியாமல் போன அந்த மரணம் அவரை விடவில்லை. சில ஆண்டுகளில் இரண்டாம் உலகப் போர் வந்தது. இராணுவச் செய்திகளைச் சுமந்து இரவும் பகலும் மோட்டார் சைக்கிளில் ஓடுவதற்கென்றே அப்போது வீரர்கள் இருந்தார்கள். குண்டு வீச்சுக்குப் பயந்து வீதி விளக்குகள் அணைக்கப்பட்டிருந்தன. எதிரியின் குண்டில் அல்ல, வீதியில் விழுந்தே பலர் செத்தார்கள். கெய்ர்ன்ஸ் கணக்கெடுத்தார். போரின் முதல் 21 மாதங்களில் பிரித்தானியாவில் மோட்டார் சைக்கிளில் ஓடியவர்களும் பின்னால் இருந்தவர்களுமாக 2279 பேர் வீதி விபத்தில் இறந்திருந்தார்கள். மரணத்துக்கு மிகப் பெரிய காரணம் தலைக்காயம்.

அவரிடம் வந்தவர்களில் தலைக்கவசம் போட்டிருந்து காயப்பட்டவர்கள் ஏழே ஏழு பேர். அந்த ஏழு பேரில் ஒருவரும் இறக்கவில்லை. ஏழு பேரை வைத்து எதையும் முடிவாகச் சொல்ல முடியாது என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் 1941இல் பிரித்தானிய மருத்துவ இதழில் அதை எழுதினார். அதே ஆண்டு நவம்பரில் பிரித்தானிய இராணுவம் தன் மோட்டார் சைக்கிள் வீரர்களுக்குத் தலைக்கவசத்தைக் கட்டாயமாக்கியது. 1946இல் அவர் மீண்டும் கணக்கெடுத்து எழுதியபோது மரணங்கள் குறைந்திருந்தன.

அடுத்த வருடம், 1942 ஏப்ரல் 9ஆம் திகதி, ஜப்பான் விமானங்கள் நம் திருகோணமலைத் துறைமுகத்தில் குண்டு போட்டன. அந்தக் கதை நம் மூத்த தலைமுறைக்குத் தெரியும். அதே யுத்தம்தான் இன்று நம் தலையில் இருக்கும் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டையும் உலகத்துக்குக் கொடுத்துவிட்டுப் போனது என்பது பலருக்குத் தெரியாது.

இதில் இன்னொரு பாடமும் இருக்கிறது. இராணுவத்துக்கு 1941இலேயே கட்டாயம் வந்தது. ஆனால் பிரித்தானியாவின் பொதுமக்களுக்கு மோட்டார் சைக்கிள் தலைக்கவசச் சட்டம் வந்தது 1973இல். இடையில் 32 ஆண்டுகள். உண்மை கண்டுபிடிக்கப்படுவது ஒன்று, அது மனிதர் தலையில் ஏறுவது இன்னொன்று!

இனி சைக்கிளுக்கு வருவோம்.

முன் சில்லு ஆள் உயரத்துக்கும், பின் சில்லு சின்னதாகவும் இருந்த பழைய சைக்கிளைப் படத்தில் பார்த்திருப்பீர்கள். 1880களில் அதில் ஓடியவர்கள் கல்லில் தட்டினால் தலைகீழாகத்தான் விழுவார்கள். ஆகவே சிலர் நெட்டியால் செய்த தொப்பி போட்டார்கள். பிறகு ஓட்டப் போட்டி வீரர்கள் தோல் பட்டிகளைக் கூடு மாதிரிப் பின்னிய ஒரு கவசத்தைப் போட்டார்கள். உரசலுக்கு அது உதவும், மூளைக்கு வரும் அதிர்ச்சிக்கு உதவாது. 1975இல்தான் அமெரிக்காவின் பெல் நிறுவனம் வெளியே கெட்டி ஓடும் உள்ளே வெள்ளைப் போமும் வைத்த சைக்கிள் கவசத்தைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் காணும் எல்லாம் அதன் வாரிசுகள்.

அந்த வெள்ளைப் போம் வேறொன்றும் அல்ல, நாம் மீன் பெட்டியிலும் புது டிவியின் பெட்டிக்குள்ளும் காணும் ரெஜிபோமின் நெருங்கிய உறவுதான். அதைப் பார்த்துத்தான் ஆட்கள் சிரிக்கிறார்கள். ஆனால் அது உடையாமல் நின்று தாங்குவதற்காகச் செய்யப்பட்டதல்ல. நசுங்குவதற்காகச் செய்யப்பட்டது.

வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லும் மாதிரிச் சொல்கிறோம். தலை தார் வீதியில் நேரடியாக அடித்தால் அது ஒன்றிரண்டு மில்லிமீற்றருக்குள் நின்றுவிடுகிறது. மண்டையோடு நின்றாலும் உள்ளே மூளை நிற்காது, போய் மோதும். போம் 2 சென்ரிமீற்றர் நசுங்கினால் தலை அந்த 2 சென்ரிமீற்றர் தூரத்தில் மெதுவாக நிற்கிறது. 2 மில்லிமீற்றரில் நிற்பதற்கும் 2 சென்ரிமீற்றரில் நிற்பதற்கும் கணக்குப்படி அதிர்ச்சியில் பத்து மடங்கு வித்தியாசம். முட்டையைச் சீமெந்துத் தரையில் போடுவதற்கும் மணலில் போடுவதற்கும் உள்ள வித்தியாசம்தான் இது.

இதைச் சோதிக்க ஒரு முறை இருக்கிறது. ஐரோப்பாவின் ஈஎன் 1078 என்ற தரத்தின்படி, உலோகத்தில் செய்த தலை உருவத்துக்குக் கவசத்தை மாட்டி, ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருந்து தட்டையான இரும்பின் மேல் விழவிடுகிறார்கள். அடிக்கும்போது வேகம் மணிக்குச் சுமார் 20 கிலோமீற்றர். அப்போது உள்ளே இருக்கும் தலைக்கு ஏறும் அதிர்ச்சி புவியீர்ப்பின் 250 மடங்கைத் தாண்டக்கூடாது. அமெரிக்காவில் 1999 முதல் உள்ள தரம் இன்னும் கொஞ்சம் உயரம், 2 மீற்றர்.

பார்த்தீர்களா? சோதனை 20 கிலோமீற்றர் வேகத்துக்குத்தான். 60இல் வரும் பஸ்ஸுக்கு அல்ல. "அப்ப நாங்க சொன்னது சரிதானே!" என்று நீங்கள் சொல்வது கேட்கிறது.

பாதி சரி. மற்றப் பாதியைக் கேளுங்கள்.

வாகனம் மோதினால் சைக்கிளில் போனவருக்கு என்ன நடக்கிறது? எல்லா மோதலிலும் பஸ்ஸின் முகம் நேராகத் தலையில் அடிப்பதில்லை. முந்திப் போகும் லொறியின் பக்கம் ஹேன்டிலில் உரசுகிறது. ஆட்டோ திடீரென்று இடது பக்கம் வெட்டுகிறது. நின்ற வேனின் கதவு திறபடுகிறது. மோட்டார் சைக்கிள் பின்னால் தட்டுகிறது. இவை எல்லாவற்றிலும் ஆள் விழுகிறார். சைக்கிளில் இருப்பவரின் தலை தரையில் இருந்து ஏறக்குறைய ஒன்றரை மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் இருந்து தலை கீழே வரும் வேகம் அந்தச் சோதனை வேகத்தைப் போன்றதுதான். தள்ளிவிட்டது டிப்பரானாலும் தலையை அடிப்பது பல நேரங்களில் தார் வீதிதான். அந்த அடியைத் தாங்கத்தான் இந்தப் போம்.

சரி, இது கணக்கு. வீதியில் நடந்தது என்ன?

உலகில் முதல் முதலாக சைக்கிளுக்குத் தலைக்கவசத்தைச் சட்டமாக்கிய இடம் அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம், 1990 ஜூலை 1ஆம் திகதி. அந்த ஆண்டு மார்ச்சில் 31 சதவீதம் பேர்தான் போட்டிருந்தார்கள். அடுத்த மார்ச்சில் 75 சதவீதம். அங்கே வாகன விபத்துகளுக்கு நட்டஈடு கொடுக்கும் அரச காப்புறுதிக் கணக்கை எடுத்துப் பார்த்தார்கள். தலையில் காயப்பட்டு இறந்த அல்லது வைத்தியசாலையில் சேர்க்கப்பட்ட சைக்கிள்காரர்களின் கோரிக்கைகள் முதல் ஆண்டில் 48 சதவீதமும் இரண்டாம் ஆண்டில் 70 சதவீதமும் குறைந்திருந்தன.

இந்த இடத்தில் அவசரப்பட்டுக் கைதட்டக்கூடாது. அதே காலத்தில் விக்டோரியாவில் வேகத்தைப் பிடிக்கும் கமெராக்கள் வந்தன, குடித்துவிட்டு ஓடுபவர்களைப் பிடிக்கும் வேலையும் கடுமையானது. ஆகவே வாகனக்காரரும் அடங்கினார்கள். இன்னொன்று, சட்டம் வந்ததும் வாலிபப் பிள்ளைகள் கணிசமானோர் சைக்கிளையே விட்டுவிட்டார்கள். ஆட்கள் குறைந்தால் காயமும் குறையும்தானே? எந்தக் குறைவு எதனால் வந்தது என்று அறிஞர்கள் இன்றும் வாதாடுகிறார்கள்.

எதிர்ப்பக்கம் மிகைப்படுத்தலும் நடந்தது. 1989இல் அமெரிக்காவின் சியாட்டில் நகரத்து ஆய்வு ஒன்று, தலைக்கவசம் தலைக்காயத்தை 85 சதவீதம் குறைக்கிறது என்று சொன்னது. அந்த 85 என்ற எண் உலகம் முழுக்கச் சுற்றியது. பிறகு வந்த ஆய்வுகளில் அவ்வளவு பெரிய பலன் வரவில்லை. 2013இல் அமெரிக்க அரச நிறுவனங்களே அந்த எண்ணைத் தங்கள் பக்கங்களில் இருந்து எடுத்துவிட்டன. நல்ல விடயத்துக்காக என்றாலும் கூட்டிச் சொன்னால் கடைசியில் நம்பிக்கைதான் குறையும்.

நமது டிப்பர் கேள்விக்கு நேராகப் பதில் சொல்லும் ஆய்வு 2013இல் அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் இருந்து வந்தது. சும்மா விழுந்தவர்களை விட்டுவிட்டு, மோட்டார் வாகனத்தோடு மோதியவர்களை மட்டும் எடுத்தார்கள். 2001 முதல் 2009 வரை, 6745 பேர். பொலிஸ் பதிவையும் வைத்தியசாலைப் பதிவையும் பொருத்திப் பார்த்தார்கள். கவசம் போடாதவர்களில் குடித்திருந்தவர்களும் வீதி விதியை மீறியவர்களும் கூடுதலாக இருந்தார்கள். அந்த வித்தியாசத்தையும் கணக்கில் எடுத்துச் சரிசெய்துதான் முடிவு சொன்னார்கள். முடிவு இதுதான்: வாகனத்தோடு மோதிய சைக்கிள்காரர்களில் கவசம் போட்டிருந்தவர்களுக்குத் தலைக்காயத்தின் அபாயம் 74 சதவீதம் வரை குறைவு. காயம் எவ்வளவு கடுமையானதோ, அந்தக் குறைவும் அவ்வளவு கூடுதல்.

2016இல் பல நாடுகளின் 40 ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். காயப்பட்ட 64,000க்கும் மேற்பட்ட சைக்கிள்காரர்களின் கணக்கு அது. தலைக்காயத்தின் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகவும், கடுமையான தலைக்காயம் 69 சதவீதமும், உயிர் போகும் தலைக்காயம் 65 சதவீதமும் குறைவாக இருந்தன.

ஆகவே "டிப்பர் அடிச்சா என்னத்தைத் தாங்கும்" என்ற கேள்விக்கு நேர்மையான பதில் இது. டயர் தலைக்கு மேல் ஏறினால் ஒன்றையும் தாங்காது. கழுத்து, நெஞ்சு, வயிறு, கால் எதையும் அது காக்காது. அதிவேகமாக நேருக்கு நேர் வந்தால் மிகக் கொஞ்சம்தான் செய்யும். ஆனால் வாகனம் தட்டி விழும் மோதல்களில், வீட்டுக்குத் திரும்பி வரும் பிள்ளைக்கும் வராத பிள்ளைக்கும் இடையில் அந்த நசுங்கிய போம் இருக்கக்கூடும்.

இப்போது மூத்தவர்களின் கேள்விக்கு வருவோம். "அப்ப நாங்க எல்லாரும் செத்தா போனோம்?"

இல்லை, பெரும்பாலானோர் தப்பினோம். காரணம் நம் தலை கெட்டியாக இருந்ததல்ல. வீதி மெதுவாக இருந்தது.

நினைத்துப் பாருங்கள். 2009 ஒக்டோபர் வரை கிண்ணியாவுக்கும் திருகோணமலைக்கும் இடையில் பாலம் கிடையாது. துறையில் காத்துநின்று பாதையில் ஏறித்தான் அக்கரை போனோம். பஸ்ஸும் லொறியும் வரிசையில் நின்றன. மட்டக்களப்பு வீதியில் அதற்கு அப்பால் இன்னும் எத்தனை துறைகள்! எவ்வளவு பெரிய வாகனமானாலும் தண்ணீரைக் கண்டதும் நின்றே ஆக வேண்டும். குண்டும் குழியுமான வீதி, சோதனைச் சாவடி, பாதை என்று எல்லாமே வேகத்துக்குப் பூட்டுப் போட்டிருந்தன. வாகனங்களும் கொஞ்சம்தான்.

பிறகு சவூதி நிதியுதவியில் 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் வந்தது. அடுத்தடுத்து உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல் என்று மற்றப் பாலங்களும் வந்தன. காபட் வீதி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், எவ்வளவு பெரிய நிஃமத்! நோயாளியை வைத்தியசாலைக்குக் கொண்டுபோக விடியும் வரை துறையில் காத்திருந்த காலம் முடிந்தது. அதை யாரும் குறை சொல்லவில்லை. ஆனால் வேகத்தின் பூட்டும் அதோடு கழன்றது. தூரப் பயண பஸ், மண் ஏற்றும் டிப்பர், லீசிங்கில் வந்த மோட்டார் சைக்கிள், ஆட்டோ எல்லாம் ஒரே காபட்டில் ஓடுகின்றன. அந்தக் காபட்டின் ஓரத்து வெள்ளைக் கோட்டில், அதே பழைய லுமாலா சைக்கிளில், புத்தகப் பையைச் சுமந்துகொண்டு நம் பிள்ளை போகிறது. வீதி மாறியது, வாகனம் மாறியது, பிள்ளையின் மண்டையோடு மாறவில்லை.

வேகத்தின் கணக்கு பொல்லாதது. 20இல் வரும் வாகனத்தை விட 60இல் வரும் வாகனத்துக்கு மூன்று மடங்கு சக்தி என்று நினைப்போம். இல்லை, ஒன்பது மடங்கு. அந்த ஒன்பது மடங்கை எந்தக் கவசத்தாலும் முழுதாக விழுங்க முடியாது. அதனால்தான் 2020 பெப்ரவரியில் ஸ்டொக்ஹோமில் கூடிய உலக மாநாட்டில், நடப்போரும் சைக்கிளோடுவோரும் வாகனங்களோடு கலக்கும் இடங்களில் வேகம் 30ஐத் தாண்டக்கூடாது என்ற பிரகடனம் வந்தது. நம் நாட்டில் ஊர்மனைக்குள் 50 என்று சட்டம். அந்த 50ஐயாவது யார் மதிக்கிறார்கள் என்பதை ஸுபஹுக்குப் பிறகு வீதி ஓரத்தில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நெதர்லாந்தைப் பாருங்கள். உலகத்தில் மிகக் கூடுதலாக சைக்கிளோடும் நாடு. அங்கே சாதாரணமாகப் போய் வருபவர்கள் ஹெல்மெட் போடுவது குறைவு. ஆனாலும் உலகின் பாதுகாப்பான சைக்கிள் நாடுகளில் ஒன்று. இதைக் காட்டி "பாத்தீங்களா, ஹெல்மெட் தேவையில்லை" என்பார்கள். ஆனால் 1971இல் அதே நாட்டில் வீதியில் 3300 பேர் அளவில் இறந்தார்கள், அதில் 400க்கும் மேற்பட்டோர் பிள்ளைகள். அப்போது உம்மாமாரும் வாப்பாமாரும் வீதிக்கு இறங்கினார்கள். "பிள்ளைக் கொலையை நிறுத்து" என்ற பெயரிலேயே ஓர் இயக்கம் எழுந்தது. வீதியை மறித்தார்கள், பாராளுமன்றம் வரை போனார்கள். அதன் பிறகு சைக்கிளுக்குத் தனி வழி, ஊருக்குள் வேகக் கட்டுப்பாடு, பிள்ளைகள் விளையாடும் தெருக்கள் என்று பல்லாண்டு உழைத்து நாட்டையே மாற்றினார்கள். தலைக்கவசம் இல்லாமல் அவர்கள் போவது அந்த உழைப்பின் மேல்தான். உழைப்பை விட்டுவிட்டுத் தலையை மட்டும் காட்டக்கூடாது.

நம் நாட்டில் ஹெல்மெட் என்றாலே பொலிஸ் ஞாபகம்தான் வருகிறது. மோட்டார் சைக்கிளில் போகும் சிலர் சந்தி வரும்போது தலையில் வைக்கிறார்கள், சந்தி தாண்டியதும் கழற்றி ஹேன்டிலில் மாட்டுகிறார்கள். 2015இல் முகம் மூடிய ஹெல்மெட்டைத் தடைசெய்ய பொலிஸார் முனைந்தபோது பெரிய சர்ச்சை எழுந்து விடயம் நீதிமன்றம் வரை போனது. அப்போதும் நாம் பேசியது முகத்தைப் பற்றியும் குற்றத்தைப் பற்றியும்தான். மூளையைப் பற்றிப் பேசியது குறைவு.

சைக்கிளுக்கும் சட்டம் போட்டு தண்டப் பணம் அறவிட வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. கடலுக்குப் போய்வரும் ஒரு குடும்பத்தின் பிள்ளையிடம், சைக்கிளுக்கு டயர் மாற்றவே கஷ்டப்படும் பிள்ளையிடம், ஹெல்மெட் இல்லை என்று தண்டம் கேட்பது அநியாயம். விக்டோரியாவில் நடந்த மாதிரி பிள்ளைகள் சைக்கிளை விட்டுவிட்டால் பாடசாலை வரவும் சேர்ந்து குறையும்.

இன்னொரு அநியாயமும் இருக்கிறது. விபத்து நடந்ததும் "ஹெல்மெட் போட்டிருந்தா தப்பியிருக்கும்" என்று ஜனாஸா வீட்டிலேயே தீர்ப்புச் சொல்லிவிடுகிறோம். அடித்தவனின் வேகம் என்ன, அந்த இடத்தில் விளக்கு இருந்ததா, வீதி ஓரம் இருந்ததா என்று கேட்பதில்லை. குற்றம் மௌத்தானவரின் தலையில் ஏறிவிடுகிறது. தலைக்கவசத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் முதலில் இந்தப் பழக்கத்தை விட வேண்டும். நாமும் சேர்த்துத்தான்.

இந்த இரண்டையும் எப்படிச் சேர்த்துப் பிடிப்பது என்று கேட்டால், நம் மாவட்டத்துக்கு அதை யாரும் வெளியில் இருந்து வந்து சொல்லித்தரத் தேவையில்லை. 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை குறிஞ்சாக்கேணியில் என்ன நடந்தது என்று நமக்குத் தெரியும். பாலம் கட்டப்பட்டுக்கொண்டிருந்தது. பாடசாலைக்குப் போன பிள்ளைகளையும் சேர்த்து ஏற்றிக்கொண்டு போன பாதை கவிழ்ந்தது. அந்தப் பிஞ்சுகளுக்கு அல்லாஹ் உயர்ந்த சுவர்க்கத்தைக் கொடுக்கட்டும். அன்றைக்கு முழு நாடும் உயிர்காப்பு அங்கியைப் பற்றிப் பேசியது. நாம் என்ன சொன்னோம்? அங்கியும் வேண்டும், பாலமும் வேண்டும் என்றோம். அங்கி கொடுத்துவிட்டோம், இனிப் பாலம் தேவையில்லை என்று யாராவது சொல்லியிருந்தால் விட்டிருப்போமா? பாலம் வரும்தானே, அதுவரை அங்கி இல்லாமலே போகட்டும் என்றுதான் எந்த உம்மாவாவது சொல்லியிருப்பாளா?

தலைக்கவசம் அந்த அங்கி. மெதுவான வீதி அந்தப் பாலம். ஒன்றைக் காட்டி மற்றதை மறுப்பவர்களை நம்பாதீர்கள்.

"எல்லாம் விதி" என்பவர்களுக்கு நாம் புதிதாக ஒன்றும் சொல்லப் போவதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்று மிம்பரடியில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம்.

கடைசியாக, செய்யக்கூடியவை.

வாங்கும்போது: பிள்ளைக்கு மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டை மாட்டாதீர்கள். பாரம் கூட, கழுத்து வலிக்கும், வெக்கையில் இரண்டாம் நாளே கழற்றி விடுவார்கள். சைக்கிளுக்கென்று காற்றோட்டத் துளைகளோடு செய்ததை வாங்குங்கள். உள்ளே தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். ஒருமுறை பலமாக அடிபட்டால் வெளியே வெடிப்புத் தெரியாவிட்டாலும் போம் தன் வேலையை முடித்துவிட்டது. அதைத் திரும்பப் பாவிக்கக்கூடாது.

போடும்போது: புருவத்துக்கு மேல் இரண்டு விரல் அகலம் மட்டும் விட்டு நேராக இருக்க வேண்டும். பின்னந்தலையில் தொங்கினால் நெற்றி திறந்து கிடக்கும். பட்டி காதுக்குக் கீழே சேர்ந்து, நாடிக்குக் கீழே ஒரு விரல் போகும் அளவு இறுக்கமாக இருக்க வேண்டும். கொழுவாத பட்டியோடு போட்ட ஹெல்மெட் விழும்போது தலைக்கு முன்னால் அதுதான் பறக்கும். பர்தா அணியும் மாணவிகள் மெல்லிய துணியை மடிப்பில்லாமல் சுற்றி அதன் மேல் போடலாம். கவசத்துக்குக் கீழே ஊசி குத்த வேண்டாம். தடித்த தொப்பி போடும் பையன்கள் அதைப் பையில் வைத்துவிட்டுப் பாடசாலை வாசலில் போடட்டும்.

பணம் இல்லை என்றால்: பாடசாலை அபிவிருத்திச் சங்கமும் பழைய மாணவர் சங்கமும் மேடைக்கும் பெனருக்கும் செலவழிப்பதில் ஒரு பங்கை இதற்கு ஒதுக்கலாம். வளர்ந்த பிள்ளைக்குச் சிறிதாகிப் போன, அடிபடாத கவசத்தை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். பள்ளிவாசல் நிர்வாகங்களும் இதை யோசிக்கலாம். வெளிநாட்டில் இருக்கும் உறவுகள் ஊருக்கு வரும்போது சொக்லட்டோடு இதையும் ஒன்று கொண்டுவரலாம்.

வீதிக்காக: பாடசாலை தொடங்கும், விடும் நேரங்களில் அந்த இடத்தில் வேகத்தை அடக்கும் மேடுகளும் பலகைகளும் வேண்டும் என்று பிரதேச சபைக்கும், வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கும், பொலிஸுக்கும் எழுத்தில் கொடுப்போம். வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். ஊர் இளைஞர்களில் டிப்பரும் பஸ்ஸும் ஓடுபவர்கள் நம் பழைய மாணவர்கள்தான். அவர்களையும் கூப்பிட்டுப் பேசுவோம். சைக்கிளின் பின்னால் சிவப்பு ஒளிதெறிப்பான் ஒன்று ஒட்டுங்கள். மஃரிபுக்குப் பிறகு டியூசன் முடிந்து வரும் பிள்ளையை ஓட்டுநர் காண்பதற்கு அதுதான் முதல் உதவி. கண்டால்தானே அவன் பிறேக் பிடிப்பான்?

அடுத்த முறை யாராவது "டிப்பர் அடிச்சா அது என்னத்தைத் தாங்கும்" என்று கேட்டால், இப்படிச் சொல்லுங்கள்: டிப்பரைத் தாங்காது, விழும் தலையைத் தாங்கும். டிப்பரைத் தாங்க வேண்டியது ஊர்.

உங்கள் பகுதியில் பிள்ளைகள் சைக்கிளில் போகும் எந்த இடம் ஆபத்தானது என்று கீழே எழுதுங்கள். தொகுத்து ஒரே மனுவாகக் கொடுப்போம், இன்ஷா அல்லாஹ்.